பத்துக் கிலோ அரிசியை எத்தனை துறை தூக்கும்?

2022 அக்டோபர் 10-ஆம் தேதி மலேசிய நாடாளுமன்றம் கலைந்தது. 24-ஆம் தேதி தீபாவளி. நவம்பர் 5 வேட்புமனு தாக்கல், 19 வாக்களிப்பு. இந்த நான்கு தேதிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, நடுவில், பண்டிகைக்கு வீடு வீடாகக் கொடுக்கும் ஒரு ஹெம்பர் பையை வையுங்கள். பத்துக் கிலோ அரிசி, ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் இரண்டு, கோதுமை மாவு, ஒரு டின் பிஸ்கட், பையின் மேல் சிரித்தபடி ஓர் அரசியல்வாதியின் முகம். அரசியல் அறம் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பிள்ளைகள் யாராவது கேட்டால், இந்தத் தாளைத்தான் முதலில் கொடுக்கலாம். (சிலாங்கூரில் உள்ள இந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்பது அரசாங்கப் பெயர். பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது, சுற்றிலும் செம்பனை. களத்துக்காகத் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

அந்தப் பை உதவியா, அன்பளிப்பா, லஞ்சமா, இல்லை வாங்குகிறவருக்கு ஏற்கெனவே உள்ள உரிமையா? கேள்வி ஒன்றுதான் போலத் தெரியும். ஆனால் சட்டம் படித்தவர், தத்துவம் படித்தவர், மானிடவியலாளர், அரசியல் அறிவியலாளர் நால்வரும் இதைக் கையில் எடுத்தால் நான்கு வேறு கேள்விகள் வெளியே வரும். பல்துறை ஆய்வு என்ற பெயரில் வரும் பல ஆய்வேடுகள், நான்கு பதிலையும் நான்கு அத்தியாயமாக அடுக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கின்றன. கோளாறு பெரும்பாலும் அத்தியாயத்துக்கு உள்ளே இருக்காது. ஒரு துறையின் முடிவை இன்னொரு துறை கையில் வாங்கும் இடத்தில்தான் இருக்கும்.

சட்டத்தில் தொடங்குவோம், அதுதான் சீக்கிரம் முடியும். 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தில் 8-ஆவது பிரிவு விருந்தளிப்பு, 10-ஆவது பிரிவு லஞ்சம். விருந்தளிப்பு என்றதும் பிரியாணிப் பொட்டலம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், உணவுப் பொருளும் அதில் அடங்கும். தேர்தலுக்கு முன், தேர்தலின்போது, தேர்தலுக்குப் பின் என்று மூன்று காலமும் அந்தப் பிரிவில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே "வேட்புமனு தாக்கலுக்கு முன்னாடியே கொடுத்துட்டோம்" என்பது தானாகவே தப்பிக்கும் வழி ஆகாது. சட்டம் தேடுவது தேதியை அல்ல, நோக்கத்தை. வாக்கைத் திருப்பும் கெட்ட நோக்கம் இருந்ததா என்பதுதான் வழக்கு. அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பது, பைகள் எத்தனை, தீர்ப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் யாருக்கும் விளங்கும். ஆனாலும் நடக்காமல் இல்லை. 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி முடிவை, ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் போனது என்ற காரணத்துக்காகத் தேர்தல் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி செல்லாது என்று அறிவித்தது. 2019 ஜனவரி 26-இல் இடைத்தேர்தல் வந்தது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம் ரிங்கிட், சட்டமன்றத் தொகுதிக்கு 1 லட்சம் ரிங்கிட் என்ற செலவு வரம்பு வேட்பாளரையும் அவருடைய முகவரையும் கட்டுப்படுத்துகிறதே தவிர, கட்சியின் செலவை அப்படிக் கட்டுவதில்லை. இது தெரியாமல் கட்சி செலவழித்த தொகையை வேட்பாளரின் வரம்போடு ஒப்பிட்டு "சட்டமீறல்" என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் சட்டத்துறைக்காரர் முதல் கேள்வியிலேயே உட்கார வைத்துவிடுவார்.

சட்டம் முடிந்த இடத்தில் அறம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் மாணவர்கள் செய்யும் முதல் பிழை. குற்றம் இல்லை என்பதால் முறை என்று ஆகாது. குற்றம் என்பதாலேயே வாங்கிய பாட்டி ஒழுக்கம் கெட்டவரும் ஆகமாட்டார். இங்கேதான் தத்துவக்காரரிடம் பையைக் கொடுக்க வேண்டும். அவருடைய கருவி எளிமையானது. வழக்கின் ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, தீர்ப்பு மாறுகிறதா என்று பார்ப்பார். கொடுத்தவர் சட்டமன்ற உறுப்பினருக்குப் பதில் கோயில் தலைவர் என்றால்? பணம் சொந்தப் பணமாக இல்லாமல் அரசாங்க ஒதுக்கீட்டுப் பணம் என்றால்? பை இருநூறு வீட்டுக்கும் போகாமல், கொடி கட்டிய நாற்பது வீட்டுக்கு மட்டும் போனால்? கொடுக்கும்போது ஒன்றுமே சொல்லாமல் கொடுத்தால்?

சொல்வதும் சொல்லாததும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு 2010 மே மாதம் சிபு இடைத்தேர்தலைப் பாருங்கள். ரெஜாங் பார்க் வெள்ளத் தடுப்புக்கு 50 லட்சம் ரிங்கிட் என்ற வாக்குறுதியை, "நீங்கள் எனக்கு உதவுங்கள், நான் உங்களுக்கு உதவுகிறேன்" என்ற வகையில் அப்போதைய பிரதமர் மேடையிலேயே நிபந்தனையோடு முன்வைத்தார். மக்கள் வேறு பக்கம் வாக்களித்தார்கள், அது வேறு கதை. தத்துவ ஆய்வாளருக்கு இங்கே உள்ள முடிச்சு இதுதான்: "ஆட்சிக்கு வந்தால் வெள்ளத்தைத் தடுப்போம்" என்று எல்லாக் கட்சியும் சொல்லும், அது கொள்கை அறிக்கை. "இந்தத் தொகுதி எங்களுக்கு வாக்களித்தால் மட்டும்" என்ற ஒற்றை வால் சேர்ந்ததும் ஏன் நெருடுகிறது? தொகை பெரியது என்பதாலா, பொதுப்பணம் என்பதாலா, வாக்களிக்காதவனுக்கும் வெள்ளம் வரும் என்பதாலா? இந்த மூன்றில் எது என்று பிரித்துச் சொல்லாமல் "இது அறமற்றது" என்று எழுதுவது ஆய்வு ஆகாது. தலையங்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தத்துவப் பக்கத்தில் இரண்டு கருத்துகளைத் தெரியாமல் களத்துக்குப் போகக் கூடாது. ஒன்று, 1973-இல் மைக்கேல் வால்ஸர் எழுதிய கட்டுரையால் பரவிய "அழுக்குக் கை" சிக்கல்: நல்லது நடக்க வேண்டுமென்றால் தலைவன் தவறு செய்தாக வேண்டிய நிலை வருமா, வந்தால் அந்தக் குற்ற உணர்வு அவனிடம் தங்க வேண்டுமா? மாணவர்கள் இதைத்தான் ஆசையாகப் பிடித்துக்கொள்வார்கள், நாடகத்தனம் அதிகம். தோட்டப்புறத்துக்கு அதைவிடப் பொருத்தமானது 1980-இல் டென்னிஸ் தாம்சன் எழுதிய "பல கைகள்" சிக்கல். ஒரு கோயில் மானியம் எப்படி வருகிறது பாருங்கள். மக்கள் பிரதிநிதி, அவருடைய சேவை மையத்து அதிகாரி, இந்தியச் சமூகத் தலைவர், கிளைத் தலைவர், கோயில் செயலாளர் என்று ஐந்து கை. பட்டியலில் இருந்து ஒரு வீட்டின் பெயர் விழுந்துவிட்டால் ஐந்து பேரும் "நான் மேலே அனுப்பிட்டேன்", "எனக்குக் கீழேயிருந்து வந்த லிஸ்ட் இதுதான்" என்பார்கள். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியானால் பொறுப்பு யாருடையது? நம் ஊருக்கு இதுதான் உண்மையான கேள்வி. ஒவ்வொரு கையிலும் என்ன தெரிந்திருந்தது, எதை மாற்ற முடிந்திருந்தது என்ற இரண்டு கட்டத்தை மட்டும் போட்டு நிரப்பினாலே பாதி ஆய்வு முடிந்துவிடும்.

மானிடவியலாளர் வந்து உட்கார்ந்தால் மேசை தலைகீழாகும். மார்செல் மோஸ் 1925-இல் கொடை பற்றி எழுதியதிலிருந்து அந்தத் துறையின் பிடிவாதம் இதுதான்: கொடுத்தல், வாங்குதல், திருப்பித் தருதல் மூன்றும் ஒரே கயிறு. திருமண மொய் நோட்டு வைத்திருக்கும் சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது, பை வாங்கிய பிறகு வாங்கியவர் எதற்குக் கட்டுப்பட்டவராகத் தம்மைக் கருதுகிறார் என்பது. வாக்குக்கா, மரியாதைக்கா, கூட்டத்துக்கு வந்து நாற்காலியை நிரப்புவதற்கா? இந்த அணுகுமுறையில் உள்ள ஆபத்து, எல்லாவற்றையும் "எங்கள் வழக்கம்" என்று மன்னித்துவிடுவது. வழக்கம் என்று விளக்கிய பின்னும் அது நியாயமா என்ற கேள்வி அங்கேயே நிற்கும்.

அளக்கும் வேலை அரசியல் அறிவியலாளருடையது. தவறு அதிகம் நடக்கும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

"சென்ற தேர்தலில் உங்களுக்கு ஏதாவது கொடுத்தார்களா?" என்று நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. நிகராகுவாவில் நடத்தி 2012-இல் வெளிவந்த ஆய்வில் நேராகக் கேட்டபோது ஏறக்குறைய 2 விழுக்காட்டினர் மட்டுமே ஒப்புக்கொண்டார்கள். மறைமுகமாகக் கேட்டபோது 24 விழுக்காடு வந்தது. அந்த மறைமுக முறைக்குப் பட்டியல் சோதனை என்று பெயர். பாதிப் பேருக்கு நான்கு வரிப் பட்டியலைக் காட்ட வேண்டும்: வேட்பாளர் வீட்டுக்கு வந்தார், வாட்ஸ்அப்பில் பிரசாரம் வந்தது, தெருவில் கொடி கட்டினார்கள், கூட்டத்துக்கு அழைத்தார்கள். மறு பாதிக்கு அதே நான்கோடு ஐந்தாவதாக "வாக்குக்காகப் பணமோ பொருளோ கொடுத்தார்கள்" என்ற வரி. எது நடந்தது என்று சொல்ல வேண்டாம், எத்தனை நடந்தது என்று எண்ணை மட்டும் சொன்னால் போதும். முதல் குழுவின் சராசரி 2.10, இரண்டாம் குழுவின் சராசரி 2.34 என்றால் வித்தியாசம் 0.24, அதாவது 24 விழுக்காடு. யார் என்பது கேட்டவருக்கே தெரியாது.

அழகான முறைதான். ஆனால் தோட்டப் பட்டணத்தில் இது உடைந்துவிடும், காரணம் எண்ணிக்கை. பதில்களின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிப் பதில்கள் சிதறும் அளவு) 1 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரைக் கேட்டால், பாதிக்குப் பாதியாகப் பிரித்த பிறகு, 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லை கூட்டிக் கழித்து 12 புள்ளி. 24 என்று கண்டது 12-ஆகவும் இருக்கலாம், 36-ஆகவும் இருக்கலாம். இருநூறு பேர் என்றால் எல்லை 28 புள்ளிக்குப் போகும். சுழியத்துக்குக் கீழே தொடங்கி 52 வரை எதுவும் சரி. அப்படி ஓர் எண்ணை ஆய்வேட்டில் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல். இன்னொரு ஓட்டையும் உண்டு. நான்கு சாதாரண வரிகளும் எல்லோருக்கும் நடந்தவையாக இருந்தால், ஐந்தாவதும் நடந்தவர் "ஐந்து" என்று சொன்ன உடனே மாட்டிக்கொள்வார். ஆகவே நான்கில் ஒன்றாவது பெரும்பாலோருக்கு நடக்காததாக இருக்க வேண்டும். முன்சோதனையில் இதைப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

சிறிய ஊருக்குப் பலர் பரிந்துரைப்பது பூவா தலையா முறை, ஸ்டான்லி வார்னர் 1965-இல் தொடங்கிவைத்த முறையின் ஒரு வகை. இருபது காசு நாணயத்தை அவர் மட்டும் பார்க்கும்படி சுண்ட வேண்டும். தலை விழுந்தால் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். நூறு பேரில் அறுபது பேர் ஆமாம் என்றால், ஐம்பது நாணயத்தால் வந்தது, மீதிப் பத்து, பூ விழுந்த ஐம்பது பேரில் பத்து, ஆக 20 விழுக்காடு. தாளில் இப்படி. நாணயம் சரியாக ஐம்பது தடவை தலை விழுவதாக யாரிடமும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. 55 தலை விழுந்திருந்தால் உண்மை 11 விழுக்காடு, 45 விழுந்திருந்தால் 27. இதற்கு மேல், ஒன்றுமே வாங்காத ஒரு பெரியவர் நாணயம் சொன்னது என்பதற்காக "ஆமாம், வாங்கினேன்" என்று வாயால் சொல்வாரா? மானத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம். பலர் சொல்ல மாட்டார்கள், கணக்கு அங்கேயே கவிழும். சிறு ஊரில் எண்ணிக்கை எடுப்பதை விட்டுவிட்டு, முப்பது நாற்பது பேரிடம் ஆழமாகப் பேசுவதே சரி என்பது என் எண்ணம். எத்தனை விழுக்காடு என்று அப்போது சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

தேர்தல் முடிவுத் தாள்களையும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வாக்களிப்பு அறையின் எண்ணிக்கையும் 14-ஆம் பாரத்தில் (படிவத்தில்) வருகிறது. சாலுரான் என்று நாம் சொல்லும் அந்த அறைகள் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டவை, ஒன்றாம் சாலுரானில் மூத்தவர்கள். அதனால் ஒரே தமிழ்ப்பள்ளியில் பெரியவர்கள் எப்படி வாக்களித்தார்கள், இளையவர்கள் எப்படி என்று பார்க்க முடியும். ஆனால் "இந்தத் தோட்டத்தில் பை நிறையப் போனது, இந்தத் தோட்டத்துச் சாலுரானில் அந்தக் கட்சிக்கு வாக்கு அதிகம், ஆகவே பை வாங்கியவர்கள் வாக்களித்தார்கள்" என்று தாவக் கூடாது. 1950-இல் வில்லியம் ராபின்சன் இதைத்தான் காட்டினார். அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டால் வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலத்தில் எழுத்தறியாதவர் குறைவு, ஆளை ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவரிடையே எழுத்தறியாதவர் அதிகம். கூட்டத்தின் எண் தனி ஆளின் எண் அல்ல. அதோடு, 2021 டிசம்பர் 15 முதல் வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது, அடையாள அட்டை முகவரிப்படி. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதி) அடுக்குமாடிக்கும் போய், முகவரியை மாற்றாத பிள்ளைகள் இன்னும் பழைய தோட்டத்துப் பள்ளியில்தான் வாக்களிக்கிறார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இப்போது குடியிருப்பவர்களிலோ வாக்குரிமை இல்லாத இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நிறைய. வீடு வீடாகக் கதவைத் தட்டி மாதிரி எடுத்தால் வாக்காளரைத் தவிர எல்லோரும் கிடைப்பார்கள்.

இனி சொல். கேள்வித்தாளை மலாயில் எழுதித் தமிழில் மாற்றும் இடத்தில்தான் பல ஆய்வுகள் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. 'ரசுவா' என்பதை லஞ்சம் என்று போட்டால், நம் மக்கள் காதில் அது போலீஸ்காரருக்கும் அதிகாரிக்கும் கொடுக்கும் கோப்பிக் காசு. கொடுக்கிறவன் சாமானியன், வாங்குகிறவன் பெரிய ஆள். தேர்தல் பையில் திசை மாறிவிடுகிறது. ஆகவே "லஞ்சம் வாங்கியதுண்டா?" என்றால் மனசாரவே "இல்லை" என்பார்கள், அதில் பொய் கிடையாது. 'சும்பாங்கான்' என்பதை நன்கொடை என்று போட்டால் கோயில் உண்டியல் நினைவுக்கு வரும். "அரசியல் அறம்" என்ற சொல்லோ மேடையைத் தாண்டி லயத்துக்குள் வராது. அங்கே மூன்று சொற்கள் புழங்குகின்றன: சரி, முறை, நியாயம். மூன்றும் ஒன்றல்ல. "பை வாங்கினது சரிதான், எல்லாரும் வாங்குனாங்க. ஆனா சாவு வீட்டுக்குப் போகாம மறுநாள் போட்டோ எடுத்துக் கொடுத்தது முறையில்ல. எங்களுக்கு வீடு தராம அரிசி தர்றது நியாயமே இல்ல." இப்படி ஒருவர் ஒரே மூச்சில் பேசக்கூடும். இதை ஐந்து புள்ளி அளவுகோலில் "ஏற்கிறேன், ஏற்கவில்லை" என்று ஒற்றைக் கட்டத்தில் அடைத்தால் மூன்று தீர்ப்பில் இரண்டு காணாமல் போகும். முழு வேலைக்கு முன் எட்டு முதல் பத்துப் பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதைக் கேட்டதும் என்ன நினைச்சீங்க?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு வாரம் செலவாகும், ஆறு மாதம் மிச்சம்.

பேட்டியைப் பிரித்துக் குறியீடு போடும்போது இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஐம்பது பகுதிகளில் நாற்பதில் ஒத்துப்போனால் 80 விழுக்காடு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். இருவருமே பத்தில் ஏழு தடவை "முறை" என்று போடும் பழக்கமுள்ளவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 58 விழுக்காடு ஒத்துப்போகும். அதைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா இங்கே 0.52 தான் வரும். இருவரும் உட்கார்ந்து சண்டை போட வேண்டிய அளவு அது. அந்தச் சண்டையை எழுதி வையுங்கள், கருத்து எங்கே தெளிவில்லை என்பது அதில்தான் தெரியும்.

உள்ளே போகும் வழி முடிவையே மாற்றும். தோட்ட நிர்வாகியின் அனுமதியோடு கிராணி (தோட்ட எழுத்தர்) கூட வந்து அறிமுகப்படுத்தினால் நீங்கள் கம்பெனி ஆள். கிளைத் தலைவர் காரில் போய் இறங்கினால் கட்சி ஆள். நிர்வாக நிலத்துக்குள் போக அனுமதி வேண்டும்தான். ஆனால் பேச்சை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம், ஒட்டுக்கடை, கோயில் மண்டபம், தாமான் வீடு. பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கூட்டிப் பெயர் எடுப்பது) விடியுமுன் நடக்கும், வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த பிறகு, நான்கரைக்கு மேல் போங்கள். சம்பள நாளும் திருவிழா வாரமும் வேண்டாம். பெண்களிடம் தனியே கேளுங்கள், ஏனென்றால் பை யார் பெயரில் வந்தாலும் வரிசையில் நின்றது பெரும்பாலும் அவர்கள்தான்.

பேட்டி கொடுப்பவருக்கு ஏதாவது கொடுப்பது வழக்கம், பத்து இருபது வெள்ளி மதிப்புள்ள பொருள். கொடை பற்றிய ஆய்வில் நீங்களே கொடையாளி ஆகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். அரிசியோ பிஸ்கட் டின்னோ கொடுத்தால் வந்தவர் யார் என்று ஊர் முடிவு செய்துவிடும். பேச்சுக்கு முன்பே கொடுங்கள், பாதியில் எழுந்து போனாலும் அது உங்களுடையது என்று சொல்லிக் கொடுங்கள், கொடுத்ததை ஆய்வேட்டிலும் எழுதுங்கள்.

இப்போது கனமான பகுதி. தேர்தல் குற்றச் சட்டத்தில் லஞ்சம் வாங்கிய வாக்காளரும் குற்றவாளிதான். "எனக்கு ஐம்பது வெள்ளி கொடுத்தாங்க" என்று ஒலிப்பதிவில் சொல்பவர் தன் மேல் தானே சாட்சி சொல்கிறார். ஆய்வாளரிடம் சொன்னது இரகசியம் என்று நீங்கள் உறுதி கொடுக்கலாம். ஆனால் மருத்துவத் தகவல் போலவோ வழக்கறிஞரிடம் சொன்னது போலவோ அதைக் காக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் ஆய்வாளருக்குக் கிடையாது. 2010-ஆம் ஆண்டு தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்க அமைப்பிடம் சொன்னவரைத்தான் காக்கும், உங்களிடம் சொன்னவரை அல்ல. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வணிகப் பரிவர்த்தனைக்கானது. அயர்லாந்துப் போராளிகளிடம் 2001 முதல் "நீங்கள் சாகும்வரை வெளியே வராது" என்று சொல்லிப் பதிவு செய்த பாஸ்டன் கல்லூரி ஒலிநாடாக்களை 2011-இல் நீதிமன்ற ஆணை கேட்டு வந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காமல் இருப்பதே இங்கே முதல் அறம்.

ஆகவே சேகரிக்காததே நல்ல பூட்டு. "நீங்கள் வாங்கினீர்களா" என்று கேட்காதீர்கள், "இந்த மாதிரி ஒருவர் வாங்கினால் என்ன சொல்வீர்கள்" என்று கற்பனை வழக்கைக் கொடுங்கள். தத்துவக்காரரின் ஒரு கூறு மாற்றும் கருவி இங்கே கள முறையாகவே மாறுகிறது. கொடுப்பவர் இரண்டு வகை, காலம் இரண்டு வகை, நிபந்தனை சொன்னது சொல்லாதது இரண்டு வகை, இரண்டை மும்முறை பெருக்க எட்டுச் சிறுகதைகள். ஒருவருக்கு நான்குதான், எட்டும் கொடுத்தால் ஐந்தாவதிலேயே "எல்லாம் ஒண்ணுதானே தம்பி" என்று முடித்துவிடுவார்கள். இரு துறைகள் உண்மையில் கைகுலுக்கும் இடம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிட்டார் என்றும் நினைக்கக் கூடாது. ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை கெடாவில் எழுபது வீடுகள் கொண்ட நெல் கிராமத்தில் தங்கி எழுதியபோது ஊருக்கே புனைபெயர் வைத்தார். நம் ஊரில் "ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயில் செயலாளர், 60 வயது மேல்" என்று எழுதினால் ஒட்டுக்கடையில் தே தாரே ஆறுவதற்குள் பெயர் வந்துவிடும். இரண்டு மூன்று பேரை ஒன்றாகச் சேர்ப்பது, பதவியைப் பொதுப்படையாகச் சொல்வது, எதற்கும் சரிவராவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடுவது என்பதே வழி. யூ.எஸ்.எம்.மின் ஜெபெம், யூ.பி.எம்.மின் ஜே.கே.இ.யூ.பி.எம். போன்ற பல்கலைக்கழக நெறிமுறைக் குழுக்கள் ஒப்புதல் படிவத்தைப் பார்க்கும். கோயில் செயலாளர் ஊரில் ஒருவர்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். சிலாங்கூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, 2011-ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டம் மாநில அளவில் உண்டு. மானியப் பட்டியல் போன்ற மாநிலத் தரவை மனுப் போட்டுக் கேட்கலாம், ஆட்களைக் குடைய வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறையும்.

நான்கையும் சேர்க்கும் வேலைக்கு வருவோம். களத்துக்குப் போகும் முன்பே ஒரு தாளில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எது தெரிய வந்தால் என் கூற்று தவறு? சட்டத்துக்கு ஒரு பிரிவோ தீர்ப்போ. தத்துவத்துக்கு ஓர் எதிர்வழக்கு. மானிடவியலுக்கு அந்தச் சொல்லை வேறு பொருளில் ஆளும் ஆட்கள். அரசியல் அறிவியலுக்கு ஓர் எண். ஒரு துறையின் கட்டத்தில் ஒன்றும் எழுத வரவில்லை என்றால் அந்தத் துறை உங்கள் ஆய்வில் அலங்காரத்துக்கு வந்திருக்கிறது, எடுத்துவிடலாம். நூற்றுக்கு எண்பது பேர் "பை வாங்குவதில் தவறில்லை" என்று சொன்னதாக வைத்துக்கொண்டாலும், அதனால் தவறில்லை என்று ஆகிவிடாது. இருப்பதிலிருந்து இருக்க வேண்டியதற்கு நேராகத் தாவ முடியாது என்று தத்துவவாதி ஹியூம் 1740-இலேயே தடை போட்டுவிட்டார். ஆனால் அந்த எண்பது பேரின் தீர்ப்பு குப்பையும் அல்ல. அரசியல் தத்துவவாதி ரால்ஸ் 1971-இல் விளக்கிய முறைப்படி, கொள்கையையும் தனித் தீர்ப்பையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, எது நெளிகிறதோ அதைத் திருத்த வேண்டும். "வீடு தராமல் அரிசி தருவது நியாயமில்லை" என்ற தீர்ப்பு, நிபந்தனை பற்றி மட்டுமே பேசும் கொள்கையை நெளிய வைக்கிறது. அங்கே பிரச்சினை நிபந்தனை இல்லை, உரிமையை உதவியாக மாற்றியது. களம் தத்துவத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் பொருள் இந்த மாதிரியானது.

தமிழ் ஆய்வேடுகளில் முதல் பக்கத்தில் ஒரு குறள் வைத்து, பிறகு அதைத் தொடவே மாட்டார்கள். தொட்டால் வேலைக்கு ஆகும். தெரிந்து தெளிதல் அதிகாரத்து முதல் குறளுக்குப் பரிமேலழகர் உரையைப் பாருங்கள். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்காலும் அமைச்சனைச் சோதிக்க, அரசன் ஆளனுப்பிப் பொய்யாக ஆசையும் அச்சமும் காட்டுவது அங்கே விளக்கமாக வருகிறது. இன்றைய சொல்லில் பொறிவைப்புச் சோதனை. ஆளை ஏமாற்றிச் சோதிக்கலாமா என்று இன்று நெறிமுறைக் குழுவில் நடக்கும் விவாதத்துக்கு இது நேரான பொருள், முகப்பு அலங்காரத்தைவிட நல்ல இடம்.

எல்லாம் முடிந்த பின், எந்தப் புனைபெயர் யாருடையது என்று காட்டும் பெயர்ச் சாவித் தாளை எழுத்துப்படிகளோடு ஒரே கணினியில் வைக்காதீர்கள், தேர்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள். பேசியவர்களுக்கு இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதி மண்டபத்தில் படித்துக் காட்டுங்கள். கட்சிக்காரர் யாராவது அதற்கு முன்பே பிரதி கேட்பார், கொடுக்க வேண்டாம். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கலைந்துவிட்டால், வாக்களிப்பு முடியும் வரை அந்த இரண்டு பக்கமும் அலமாரியிலேயே இருக்கட்டும்.